கொள்ளைநோயை எதிர்த்த ஹாஃப்கின்

விஞ்ஞானக் கற்பனைக் கதைகளை நம் மாணவர் பலர் விரும்பிப் படித்து வருகின்றனர். அக்கதைகளுட் பெரும்பாலானவற்றை ஊன்றி நோக்குவோர்க்கு ஒன்று புலனாகும். அவற்றில் தீங்கு விளைப்பது யந்திரமோ பூதமோ அன்று. அதனைக் கண்டு வெருண்ட மாந்தர் ஆய்ந்தோய்ந்து பாராது செய்துவிடும் செயலேயாம். 1818ஆம் ஆண்டில் வெளிவந்த மேரி ஷெல்லி அம்மையாரின் பிராங்கன்ஸ்டைன் என்னும் நூலில், ஆய்வுச்சாலையிற் பிறந்த உருவம் ஆற்றில் அமிழ்ந்த ஒரு சிறுமியைக் கரையேற்றுகின்றது. அதன் கோர வடிவத்தைக் கண்டு அஞ்சிய குடியானவன் ஒருவன் அதனைத் துப்பாக்கியாற் சுட்டுவிடுகின்றான். உயிர் காத்தமைக்குக் கிடைத்த கூலி அஃது. ஹெச். ஜி. வெல்ஸ் 1894ஆம் ஆண்டில் எழுதிய ஒரு சிறுகதையோ, வாந்திபேதிக் கிருமி அடைத்த கண்ணாடிக் குழாயென்று கருதப்பட்ட ஒன்று தீயோன் ஒருவன் கையிற் சிக்குவதைக் கூறுவது. கிருமியினும் கிருமி பற்றிய அச்சமே அக்கதையை நடத்திச் செல்கின்றது.

அக்கதை லண்டனில் அச்சேறிய அதே ஆண்டில், மெய்யாகவே வாந்திபேதிக் கிருமியைக் கண்ணாடிக் குழாய்களில் வைத்துக்கொண்டு, கல்கத்தா நகரத்துச் சேரிகளில் குடிசை குடிசையாகச் சென்றுகொண்டிருந்தார் ஒருவர். கொல்லுதற்கன்று; காத்தற்கு. அவர்தாம் வால்டெமார் ஹாஃப்கின். மேரி ஷெல்லி அம்மையார் கண்ட கற்பனை இப்பெரியார் வாழ்வில் ஏறக்குறைய அவ்வாறே நிகழ்ந்தது. இவர்தம் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

ஏலகிரியின் அடிவாரத்தில் வாழ்வோர்க்கு ஒடெஸ்ஸாவிற் பிறந்த ஒருவருடைய கதை எற்றுக்கு என்று சிலர் வினவலாம். அம்மலைமேல் நின்று நோக்கின், கீழே ஜோலார்பேட்டைச் சந்திப்பும், பாலாற்றையொட்டி வாணியம்பாடி, ஆம்பூர் முதலிய தோல் பதனிடும் ஊர்களும் உள்ளமை யாவரும் அறிவர். 1898ஆம் ஆண்டில் பெங்களூரில் பிளேக்கு என்னும் கொள்ளைநோய் புகுந்தபோது, அந்நகரினின்று சென்னைக்குச் செல்லும் இருப்புப்பாதை இச்சந்திப்பின் வழியே சென்றது. அந்நாளில் சென்னை மாகாணத்துப் புகைவண்டி நிலையங்களிற் பிரயாணிகளை இறக்கி, அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டியுள்ளதா என்று சோதித்தல் வழக்கமாயிற்று. அப்பொழுது திருப்பத்தூர்த் தாலுகா சேலம் ஜில்லாவைச் சார்ந்திருந்தது. மைசூர்ச் சீமையை அடுத்த அந்த ஜில்லாவும் நோய்க்குத் தப்பவில்லை. பெங்களூரிலும் கோயம்புத்தூரிலும் பிளேக்கு மாரியம்மனுக்குக் கோயில்கள் எழுந்தன. அவை இன்றும் உள்ளன. தோல் வியாபாரத்திற்கும் இந்நோய்க்கும் இடையே நேர்ந்த தொடர்பொன்று உண்டு; அதனைப் பின்னர்க் கூறுவோம்.

ஹாஃப்கின் 1860ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 15ஆம் நாள், கருங்கடற்கரையிலுள்ள ஒடெஸ்ஸா நகரில் ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தார். அந்நாளில் அந்நகரம் ருஷியச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்கு உட்பட்டது. அந்நகரத்துச் சர்வகலாசாலையில் உயிர்நூல் பயின்றார். பிற்காலத்தில் நோபெல் பரிசு பெற்ற மெச்னிகாப் என்பார் இவருக்கு ஆசிரியராய் வாய்த்தனர். 1881ஆம் ஆண்டில் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்ஸாந்தர் கொலையுண்டார். கொன்றவர் யூதரே என்று ஒரு வதந்தி பரவியது. அச்சமும் வெறுப்பும் கலந்த கூட்டத்தார் ஊர்தோறும் யூதர் வீடுகளை உடைத்துக் கொள்ளையிட்டனர். ஒடெஸ்ஸாவில் யூத இளைஞர் சிலர் தம்மவரைக் காத்தற்குக் கூடினர்; அவருள் ஹாஃப்கினும் ஒருவர். அக்கலகத்தில் அவர் காயமுற்றதுமன்றிச் சிறையும் புகுந்தார். மெச்னிகாப் பரிந்து பேசியமையால் விடுதலை எய்தினார். கூட்டத்தார் கொண்ட அச்சம் எத்தகையதென்பதை இருபத்தோராவது வயதிலேயே தம் உடலில் ஏற்ற தழும்பால் அவர் கற்றுக்கொண்டார் எனலாம்.

கல்வி முற்றிய பின்னர் அந்நகரத்து விலங்கியற் காட்சிச்சாலையிற் சின்னாள் பணியாற்றினார். சர்வகலாசாலையில் ஆசிரியர் பதவி அவருக்கு எட்டுவதாயிருந்தது; அரசாங்கத்தார் மதத்தைத் தழுவினாலன்றி அப்பதவி கிடையாது என்றனர். அவர் இசைந்திலர். 1888ஆம் ஆண்டில் நாட்டைவிட்டு நீங்கி ஜெனீவாவுக்குச் சென்று, அடுத்த ஆண்டில் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தை அடைந்தார். ஆண்டுக் காலியாயிருந்தது புத்தகசாலை அதிகாரியின் வேலையொன்றே. ஆராய்ச்சியில் ஊறிய அறிஞர் அதனையும் மகிழ்ந்து ஏற்றுக்கொண்டு, பகலிற் புத்தகங்களை அடுக்கியும் எஞ்சிய பொழுதிற் கிருமிகளை வளர்த்தும் வந்தார். நம் புத்தகசாலையிற் பணிபுரியும் அன்பர்கள் இதனைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

வாந்திபேதிக் கிருமியின் வலிமையை ஒரு வகையாற் குறைத்தும், மற்றொரு வகையாற் பெருக்கியும், முன்னதனை முதலிலும் பின்னதனைச் சில நாள் கழித்தும் உடலிற் செலுத்தினால் நோய் அணுகாது என்பது அவர் கண்ட முறை. சிறு பிராணிகளிடத்து அது பலித்தது. மனிதரிடத்துப் பலிக்குமா என்பதை அறிதற்கு 1892ஆம் ஆண்டு ஜூலை மாதம் 18ஆம் நாள் தம் உடலிலேயே ஊசியிட்டுக்கொண்டார். காய்ச்சல் கண்டு நீங்கியது. பின்னர் நண்பர் மூவரும் அவ்வாறே செய்துகொண்டனர். அவ்வாண்டில் ருஷியாவில் வாந்திபேதி மக்களை வாரிக் கொண்டிருந்தது. தம்மைத் துரத்திய நாடேயாயினும் அதற்கே இம்மருந்தை முதலில் அளிக்க அவர் முன்வந்தார். ருஷிய அரசாங்கத்தார் ஏற்றிலர். அப்பொழுது பாரிஸில் ஆங்கிலத் தூதராயிருந்தவர், முன்பு இந்தியாவில் வைஸிராயாயிருந்த டப்ரின் பிரபு. அவர் உதவியால் ஹாஃப்கின் 1893ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கல்கத்தாவில் வந்திறங்கினார்.

வந்தவரை வரவேற்றோர் மிகச் சிலர். அவர் ருஷியர்; ஆகவே ஒற்றராதல் கூடும் என்று ஒருசாரார் ஐயுற்றனர். அவர் வைத்தியப் பட்டம் பெறாதவர். ஆகவே வைத்திய உத்தியோகஸ்தர் பலர் அவரை மதித்திலர். அவர் யூதர், அதனைக் குற்றமாகக் கொண்டோரும் இருந்தனர். மக்களோ, நோயை வெள்ளையன் ஊசியால் உள்ளே செலுத்துகின்றான் என்று அஞ்சினர். 1894ஆம் ஆண்டில் கல்கத்தா நகரத்துச் சுகாதார அதிகாரி சிம்ஸன் அழைப்பின்மேல் அவர் சேரிகளுக்குட் சென்றபோது கல்லெறி நிகழ்ந்தது. சௌதுரி, கோஷ், சட்டர்ஜி, தத்தா என்னும் வங்க வைத்தியர்கள் அவருடன் சென்றனர். கூட்டத்தின் நடுவே மேற்சட்டையைக் கழற்றி முதலில் தமக்கே ஊசியிடுவித்துக்கொள்வது அவர் கையாண்ட வழி. அதனைக் கண்ட பின்னரே மக்கள் அணுகினர். ஒரு சேரியில் ஏறக்குறைய இருநூற்றுவருள் 116 பேர் ஊசியிட்டுக்கொண்டனர். பின்னர் அங்கே வாந்திபேதி மீண்டும் தோன்றியது. கண்டவர் யாவரும் ஊசியிட்டுக்கொள்ளாதவராகவே இருந்தனர். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களுக்கும் சென்று, 1895ஆம் ஆண்டின் நடுவில் மலேரியாக் காய்ச்சலால் மெலிந்து இங்கிலாந்து திரும்புமுன் 42,000 பேருக்கு மேல் ஊசியிட்டிருந்தார். ஒருவரையேனும் வற்புறுத்தினாரல்லர். மனமுவந்து வருவோர்க்கே ஊசி என்பது அவர் இறுதிவரை கைவிடாத கொள்கை. இஃது இரக்கத்தால் மட்டும் கொண்டதன்று. அஞ்சியவனை வலிந்து பிடித்தால் அவன் அச்சம் ஊர் முழுதும் பரவும் என்பதை அவர் நன்கறிந்திருந்தார்.

1896ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், பம்பாய்த் துறைமுகத்தை அடுத்த மாண்ட்வியில் டாக்டர் வியேகாஸ் என்பார் பிளேக்கைக் கண்டறிந்தார். அடுத்த சில மாதங்களில் அந்நகரம் அடைந்த கலக்கத்தை எழுத்தில் அடக்குதல் அரிது. நகரமக்களில் இலட்சக்கணக்கானோர் புகைவண்டிகளிலும் கப்பல்களிலும் வண்டிகளிலும் ஏறி ஓடினர். ஓடியவரோடு நோயும் ஓடியது. செவ்வாய்க் கிரகத்தாரைக் கண்டு லண்டன் மாநகரமே ஒழிந்து ஓடுவதாக வெல்ஸ் எழுதிய கதை 1897ஆம் ஆண்டில் ஒரு சஞ்சிகையில் மாதந்தோறும் வெளிவந்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் பம்பாயில் அது கற்பனையன்று.

மக்கள் அஞ்சினர் என்பது பெரிதன்று. எளியோர் அஞ்சுதல் இயல்பே. சர்க்கார் அஞ்சியதே பெருந்தீங்காய் முடிந்தது. ஐரோப்பிய நாடுகள் இந்தியக் கப்பல்களைத் தடுத்துவிடும், வியாபாரம் குலைந்துவிடும் என்னும் அச்சத்தால், 1897ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 4ஆம் நாள் கொள்ளைநோய்ச் சட்டம் விரைவில் நிறைவேறியது. வீடுகளிற் புகவும், நோயாளரைப் பிரித்துக் கொண்டுபோகவும், பொருள்களை எரிக்கவும், வீடுகளை இடிக்கவும் அதிகாரிகளுக்கு உரிமை வந்தது. (அச்சட்டமே 2020ஆம் ஆண்டில் கோவிட் நோய் வந்தபோதும் நம் நாட்டில் எடுத்தாளப்பட்டது.) பூனாவில் ராண்டு என்னும் அதிகாரியின்கீழ்ப் பட்டாளத்துச் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்தனர். பூஜை அறையும் தப்பவில்லை. மாதர் மானமும் எண்ணப்படவில்லை. அவ்வாண்டு ஜூன் 22ஆம் நாள், விக்டோரியா மகாராணியின் வைர விழாக் கொண்டாட்டத்திற்குச் சென்று மீண்ட ராண்டும் அவருக்குப் பின்வந்த வண்டியிலிருந்த அயர்ஸ்டும் சாபேகர் சகோதரர்களாற் சுடப்பட்டனர். திலகர் தம் பத்திரிகையில் எழுதியவற்றிற்காக இராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பெற்றுச் சிறை புகுந்தார். பம்பாயில் ஆலைத் தொழிலாளர் 1896ஆம் ஆண்டு அக்டோபரிலேயே ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியைத் தாக்கியிருந்தனர். 1898ஆம் ஆண்டு மார்ச்சில், நோயுற்ற ஒரு பெண்ணைக் கொண்டுபோக முயன்றதன்மேல் பெருங்கலகம் விளைந்தது. அச்சத்தாற் பிறந்த கட்டளை, கட்டளையாற் பிறந்த அச்சம், அதனாற் பிறந்த கொலை என ஒன்றையொன்று பெற்றெடுத்துச் சென்ற வகை இது.

வேலூர்க் கோட்டையை அறிந்த நமக்கு இது புதுமையன்று. 1806ஆம் ஆண்டில் சிப்பாய்களின் நெற்றிக்குறியையும் தாடியையும் விலக்கிப் புதுத் தலைப்பாகையொன்றை அணியச் செய்த கட்டளையும், அத்தலைப்பாகையில் வைத்த தோற்குஞ்சமும், ஜூலை 10ஆம் நாள் விடியலில் எத்தனை உயிரைக் கொண்டன என்பதை நாம் சரித்திரத்திற் படித்திருக்கின்றோம்.

இத்தனை கொடுமையும் நோயைத் தணித்ததா எனின், இல்லை. பிளேக்கை எலியும் எலித் தெள்ளுமே பரப்புகின்றன என்பதை 1898ஆம் ஆண்டில் கராச்சியில் ஸீமோன் என்னும் பிரெஞ்சு வைத்தியர் கண்டுரைத்தார். அவர் சொல்லை அப்போது ஏற்றார் சிலரே. சாக்கடைகளைக் கழுவியும் வீடுகளுக்கு மருந்துநீர் தெளித்தும் செய்த முயற்சி எலிகளை ஒரு வீட்டினின்று மறுவீட்டிற்குத் துரத்துவதற்கே பயன்பட்டது.

தோல் வியாபாரம் பற்றி முற்கூறியதை இவ்விடத்தில் முடித்துவிடுகின்றோம். 1897ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் பல நாட்டுப் பிரதிநிதிகளும் கூடிப் பிளேக்கைக் குறித்து ஓர் உடன்படிக்கை செய்தனர். நோயைக் கொண்டுவரக்கூடியன என்று அதில் வகுத்த சரக்குகளுள், உடுத்த துணி, கந்தை, மயிர் ஆகியவற்றோடு பதனிடாத பச்சைத் தோலும் ஒன்று. பாலாற்றங்கரை ஊர்களில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய குழிகளில் இறங்கிப் பாடுபடும் தொழிலாளி வெனிஸ் நகரின் பெயரைத்தானும் கேட்டிருக்க மாட்டான். ஆயினும் அவன் கையாளும் பொருளின்மீது ஐரோப்பாவின் அச்சம் வந்து படிந்தது. தோலினால் அன்று, தெள்ளினால் என்பது அன்று அக்கூட்டத்தார்க்குத் தெரியாது. தெரியாதபோதும் பட்டியல் ஆயத்தமாகிவிட்டது.

இந்த ஆரவாரங்களுக்கு நடுவே, 1896ஆம் ஆண்டு அக்டோபரில் பம்பாய்க்கு அனுப்பப்பெற்ற ஹாஃப்கின், கிராண்டு வைத்தியக் கல்லூரியில் ஓர் அறையும் ஒரு நடைபாதையுமே ஆய்வுச்சாலையாக, ஓர் எழுத்தரும் மூன்று சேவகரும் துணையாக, வேலையைத் தொடங்கினார். அவர் மருந்து செய்த விதம் மாணவர் அறியத்தக்கது. ஆட்டிறைச்சியைக் கரைத்து எடுத்த சாற்றைப் பெரிய கண்ணாடிக் குடுவைகளில் வார்த்து, அதன்மேல் நெய்த்துளிகளை மிதக்கவிட்டார். பசுவிறைச்சியோ பன்றியிறைச்சியோ சேரின் இந்துக்களும் முஸ்லீம்களும் தீண்டார் என்பதை எண்ணியே ஆட்டிறைச்சியைக் கொண்டார். பிளேக்குக் கிருமிகள் அந்நெய்த்துளிகளைப் பற்றிக்கொண்டு, குகையின் கூரையினின்று தொங்கும் சுண்ணாம்பு விழுதுகளைப் போலக் கீழ்நோக்கி வளர்ந்தன. குடுவையை அசைத்தால் விழுதுகள் அறுந்து அடியிற் படியும். மறுபடி புதியன வளரும். போதிய அளவு சேர்ந்தபின் சூட்டினாற் கிருமிகளைக் கொன்று, கார்பாலிக் அமிலம் சிறிது சேர்த்துப் புட்டிகளில் அடைத்தனர். செத்த கிருமி நோய் தராது. ஆனால் உடல் அதனை அடையாளம் கண்டு, உயிருள்ளது வரும்போது எதிர்க்கும்.

1897ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் தமக்கே பெரிய அளவில் ஊசியிடுவித்துக்கொண்டார். கடுங்காய்ச்சலும் நோவும் கண்டன; எனினும் வேலையை நிறுத்தினாரல்லர். அம்மாத இறுதியில் பைக்குல்லாச் சிறையில் பிளேக்கு தோன்றியது. கைதிகளில் ஏறக்குறைய பாதிப்பேர் முன்வந்து ஊசியிட்டுக்கொண்டனர். ஊசியிடாதாருள் 12 பேருக்கு நோய் கண்டு 6 பேர் இறந்தனர். ஊசியிட்டாருள் இருவருக்கே கண்டது, ஒருவரும் இறந்திலர். அடுத்த ஆண்டில் பரோடாவை அடுத்த உந்தேரா என்னும் சிற்றூரில் வேறொரு சோதனை நடந்தது. ஒவ்வொரு குடும்பத்திலும் பாதிப்பேருக்கு ஊசியிட்டு மீதிப்பேரை விடுத்தனர். விடப்பட்ட 64 பேரில் 27 பேருக்கு நோய் கண்டு 26 பேர் மாண்டனர். ஊசியிட்ட 71 பேரில் 8 பேருக்குக் கண்டு மூவரே மாண்டனர். ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்கியவர் இவர்கள். இவ்வெண்களைப் பார்த்த பின்னும் ஐயுறுவோர் இருந்தனர் என்றால், அச்சம் கணக்கு அறியாது என்றே கொள்ளவேண்டும். விடப்பட்ட பாதியினரை எண்ணும்போது நம் மனம் சற்றே நடுங்குகின்றது என்பதையும் ஒளிக்கலாகாது.

ஆகாகான் அவர்கள் தம் கூட்டத்தார் அஞ்சாதிருத்தற்பொருட்டு, அவர் கண்முன் பலமுறை ஊசியிட்டுக்கொண்டார். தமக்குரிய குஷ்ரு லாட்ஜ் என்னும் மாளிகையையும் ஆய்வுச்சாலைக்கு அளித்தார். 1897ஆம் ஆண்டில் மகாராணியார் ஹாஃப்கினுக்கு ஸி.ஐ.ஈ. என்னும் பட்டம் வழங்கினார். 1899ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் பரேல் என்னுமிடத்திலுள்ள பழைய கவர்னர் மாளிகையில் பிளேக்கு ஆராய்ச்சிச்சாலை திறக்கப்பெற்றது. அவரே அதன் தலைவரானார். முதலில் நான்கு பேருடன் தொடங்கிய வேலை இப்போது இந்தியா முழுமைக்கும் மருந்து அனுப்புவதாய் வளர்ந்தது.

இனிக் கூறுவது அவர் வாழ்வின் கொடிய பகுதி. 1902ஆம் ஆண்டில் பஞ்சாப் மாகாணத்தார் இலட்சக்கணக்கான மக்களுக்கு ஊசியிடக் கருதிப் பெருவாரியாக மருந்து கேட்டனர். அத்துணை மருந்தை விரைந்து செய்தற்கு ஹாஃப்கின் முறையைச் சிறிது மாற்றினார். கார்பாலிக் அமிலத்தை விடுத்துச் சூட்டினால் மட்டுமே தூய்மை செய்யலானார். பாஸ்டர் நிலையத்தில் முன்னரே கையாளப்பட்ட முறைதான் அது. அக்டோபர் மாதம் 30ஆம் நாள் மல்கோவால் என்னும் கிராமத்தில் ஐந்து புட்டிகளிலிருந்து 107 பேருக்கு ஊசியிட்டனர். ஒரு வாரம் கழிந்தது. அவருள் 19 பேருக்குத் தசைவலிப்பு நோய் கண்டது. பத்தொன்பதின்மரும் மாண்டனர், அவர் அனைவரும் 53 என்னும் எண்ணிட்ட ஒரே புட்டியினின்று மருந்து பெற்றவர். ஏனைய நான்கு புட்டிகளின் மருந்தை ஏற்ற 88 பேருக்கும் ஒரு தீங்கும் இல்லை.

பத்தொன்பது குடும்பங்களின் துயரம் சிறிதன்று. அதற்குக் காரணம் தேடுதல் கடமை. ஆனால் இந்திய சர்க்கார் தேடியது காரணத்தை அன்று, பழி சுமத்தத் தக்க ஓர் ஆளையே என்று தோன்றுகின்றது. பம்பாய்ப் பிரதம நீதிபதி ஜெங்கின்ஸ் தலைமையில் அமைந்த குழுவினர், புட்டி திறக்கப்படுமுன்னரே பரேலிலேயே மருந்து கெட்டிருத்தல் வேண்டும் என்று முடிவு செய்தனர். கார்பாலிக் அமிலத்தை விடுத்தமை பெருங்குற்றமாகக் காட்டப்பட்டது. ஹாஃப்கின் தலைமைப் பதவியினின்று நீக்கப்பெற்று, 1904ஆம் ஆண்டில் இந்தியாவை விட்டு ஐரோப்பாவுக்குத் திரும்பினார். விசாரணையின் விவரங்களோ நெடுங்காலம் வெளியிடப்படவில்லை.

அவ்விவரங்களுள் ஒரு சிறு செய்தி அடங்கிக் கிடந்தது. மல்கோவாலில் அப்புட்டியைத் திறந்தபோது, உதவியாளர் ஒருவர் கையிலிருந்த இடுக்கி மண்ணில் விழுந்தது. அவர் அதனைத் தீயிற் காட்டாமல், கார்பாலிக் நீரில் ஒருமுறை அலசிவிட்டு, அதனாலேயே தக்கையை எடுத்தார். தசைவலிப்புக் கிருமி வாழுமிடம் மண்ணே என்பதை வைத்திய மாணவர் யாவரும் அறிவர். அன்றியும் அப்புட்டியில் மருந்து அடைத்து ஆறு வாரத்திற்குக் கிட்டத்தட்ட ஆகியிருந்தது. அத்துணை நாள் அக்கிருமி உள்ளே வளர்ந்திருப்பின், திறந்தவுடன் துர்நாற்றம் வீசியிருக்கும். திறந்தவர் அத்தகைய நாற்றம் எதனையும் கண்டிலர். நோயும் ஒரு வாரம் தாழ்த்துத் தோன்றியது. பழைய நஞ்சாயின் விரைந்து தோன்றியிருக்கும். இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தற்கு நெடும்புலமை வேண்டுவதில்லை. பதற்றமில்லாத மனம் ஒன்றே போதும். அஃது அப்பொழுது அரியதாயிருந்தது.

பஞ்சாபில் அச்செய்தி பரவியபின் ஊசியிட வருவோர் குறைந்தனர்; சர்க்காரும் தாம் தொடங்கிய பெருமுயற்சியைத் தளரவிட்டனர். நோய் தளரவில்லை. 1907ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் இந்தியா முழுவதும் பிளேக்கால் இறந்தோர் 10 இலட்சத்திற்கு மேற்பட்டவர். அவருட் பெரும்பகுதியினர் பஞ்சாபியர். ஒரு புட்டியால் இறந்தவர் பத்தொன்பதின்மர். அப்புட்டியைப் பற்றிய அச்சத்தால், காக்கப்படாது இறந்தவர் எத்துணைப் பேர் என்பதை எந்தக் குழுவும் எண்ணவில்லை. எண்ணியிருத்தல் வேண்டும் என்பது எம் கருத்து.

லண்டனில் லிஸ்டர் நிலையத்தார் சான்றுகளை மீண்டும் ஆராய்ந்தனர். பழுது மல்கோவாலில் நேர்ந்ததே என்னும் பக்கம் சான்று சாய்ந்தது. ஆயினும் சர்க்கார் விரைந்து வாய்திறக்கவில்லை. மலேரியாவைக் கொசு பரப்புவதை 1897ஆம் ஆண்டில் ஸெகந்தராபாத்தில் கண்டு, 1902ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்ற ரொனால்டு ராஸ் இவ்வநீதியைப் பொறுத்திலர். ஹாஃப்கினுக்கும் அவருக்கும் உறவோ இனமோ இல்லை. இந்தியாவில் உத்தியோகஸ்தர்களின் அசட்டையை அனுபவித்தவர் என்னும் ஒற்றுமையே உண்டு. 1907ஆம் ஆண்டில் லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் அவரும் புகழ்பெற்ற விஞ்ஞானிகள் பலரும் கையொப்பமிட்டு, ஹாஃப்கின்மேற் சுமத்திய பழி நிலைநாட்டப்படவில்லை என்று வெளிப்படையாக எழுதினர். ஒரு குற்றமுமில்லாத டிரைபஸ் என்னும் யூதப் படைத்தலைவரைப் பிரான்ஸு நாட்டார் தண்டித்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்து 1906ஆம் ஆண்டில் விடுவித்ததை நினைத்து, இதனைச் சிறிய டிரைபஸ் வழக்கு என்று பின்வந்தோர் கூறுவதுண்டு. அவ்வாண்டின் இறுதியில் இந்திய சர்க்கார் இறங்கிவந்து அவரைத் திரும்ப வேலைக்கு அழைத்தனர்.

அழைத்தது பம்பாய்க்கன்று. அவர் உண்டாக்கிய பரேல் ஆராய்ச்சிச்சாலையில் வேறொருவர் தலைமை பூண்டிருந்தார். கல்கத்தாவில் ஓர் ஆய்வுச்சாலை அவருக்குக் கிடைத்தது. அங்கே மருந்து செய்தற்கு வசதியும் இல்லை, மனிதரிடத்துச் சோதித்தற்கு அனுமதியும் இல்லை. வாந்திபேதி மருந்தைச் சீர்திருத்த அவர் விடுத்த விண்ணப்பங்கள் ஏற்கப்படவில்லை. கைவன்மை முற்றிய சிற்பியின் உளியைப் பிடுங்கிக்கொண்டு பட்டறையைத் தந்தாற்போன்றது அது. 1914ஆம் ஆண்டில் வேலையினின்று ஓய்வு பெற்று ஐரோப்பா சென்றார். அதன்பின் கிருமி நூலில் அவர் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. தம் முன்னோர் சமய நெறியிலும் யூத மாணவரின் கல்வியிலும் கருத்தைச் செலுத்தினார். மணம் புரிந்துகொண்டாரல்லர். தேடிய பொருளை 1929ஆம் ஆண்டில் நிறுவிய ஓர் அறநிதிக்கு வைத்தார்.

அவர் வகுத்த முறையாற் செய்த பிளேக்கு மருந்து 1897ஆம் ஆண்டு முதல் 1925ஆம் ஆண்டு வரை பம்பாயினின்று 2 கோடியே 60 இலட்சம் அளவைகள் வெளியே அனுப்பப்பட்டது. பிற்காலத்தில் 1994ஆம் ஆண்டு ஸூரத்து நகரில் பிளேக்கு என்னும் சொல் காதில் விழுந்தவுடன் சில நாட்களுக்குள் இலட்சக்கணக்கானோர் அந்நகரை விட்டு ஓடினர். நூறாண்டுக்கு முன் பம்பாயில் ஓடியவரைப் போலவே. நோயை அடக்கும் மருந்துகள் அதற்குள் பல வந்துவிட்டன என்பது ஒன்றே வேற்றுமை.

1925ஆம் ஆண்டில் பரேல் ஆராய்ச்சிச்சாலைக்கு ஹாஃப்கின் நிலையம் என்று பெயரிட்டனர். அச்செய்தியை அறிந்த ஹாஃப்கின், அந்நாளில் அதன் தலைவராயிருந்தவருக்கு நன்றி கூறி ஒரு கடிதம் எழுதினார். பம்பாயில் செய்த வேலை தம் வாழ்நாளின் சிறந்த ஆண்டுகளைக் கொண்டுவிட்டது என்றும், அதனோடு தொடர்புடைய எதுவும் தம் மனத்தை எவ்வளவு தொடும் என்பதை விளக்க வேண்டுவதில்லை என்றும் அதிற் குறித்திருந்தார். அந்நிலையம் வளம்பெற்று விளங்குக என்றும் வாழ்த்தினார். மல்கோவாலைப் பற்றி அதில் அவர் குறிப்பிடவில்லை. 1930ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 26ஆம் நாள் ஸ்விட்ஸர்லாந்து தேசத்து லோஸான் நகரில் அவர் காலமானார். அவர் உருவம் பொறித்த தபால் முத்திரையொன்றை இந்திய அரசாங்கத்தார் 1964ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.